ஞாயிறு நான்கு மணி, பக்கத்து அறை

ஆகஸ்ட் 4, திங்கள். கு.நா. 2

காலை ஏழுக்கே வெயில். பொன்னேரி ஸ்டேஷனில் ரயில் பதினைந்து நிமிடம் தாமதம். லேப்பில் ஓவன் மறுபடி ரிப்பேர். பெயின்ட் பவுடர் சாம்பிள் ஒன்பது நிலுவை.

இந்த நோட்டு கம்பெனி பாதுகாப்பு வாரத்தில் கொடுத்தது. அட்டையில் ஹெல்மெட் படம். யாரும் ஆசைப்பட்டுத் திறக்க மாட்டார்கள். அதனால் இது.

கு.நா. = குடிக்காத நாள். டாக்டர் சொன்ன யோசனை. சென்னையில் போய்ப் பார்த்த டாக்டர், இங்கே வேண்டாம் என்று. வயிற்றுவலி என்றுதான் சொன்னேன். ரத்தப் பரிசோதனைத் தாளைப் பார்த்துவிட்டு, "எவ்ளோ நாளா மா?" என்றார். ஆறு வருடம். எழுதிக்கொண்டார். பத்து நாளைக்கு மாத்திரை. "மாத்திரை பாதிதான். உங்கள மாதிரி ஆளுங்க கூடி பேசுற கூட்டம் இருக்கு. ஒண்ணு புடிக்கலன்னா இன்னொண்ணு. கிடைக்கிற வரைக்கும் தேடுங்க" என்று ஒரு தாளில் மூன்று இடம்.

எப்படிப்பட்ட கூட்டம் வேண்டும்:
– ஞாயிறு, அல்லது லீவு போடாமல் போகிற மாதிரி
– தெரிந்த முகம் கூடாது
– தமிழ்
– பாட்டு, ஜெபம், கைதட்டல் இல்லாமல்
– பெண் ஒருத்தியாவது

கடைசியை அடித்தேன். பிறகு திரும்ப எழுதினேன்.

மகள் கவி வேலூர் ஹாஸ்டலிலிருந்து போன். பரீட்சை தேதி மட்டும் சொன்னாள். போன மாதம் லீவுக்கு வந்தபோது என் டம்ளரை எடுத்து மோந்து பார்த்தாள். மோர் குடித்தது என்றேன். கழுவிக் கவிழ்த்துவிட்டுப் போனாள். அன்று ராத்திரி அழுகை வரும் என்று இருந்தேன். வரவில்லை.

ஆகஸ்ட் 6, புதன். கு.நா. 4

மேகமூட்டம். மழை இல்லை. லீவு போட்டுத் திருவள்ளூர்.

பெரியபாளையம் வழி பஸ். ஆடி மாதம் என்பதை மறந்துவிட்டேன். பொங்கல் பானை, வேப்பிலை, மொட்டை போட்ட குழந்தைகள், கோழி ஒன்று. பக்கத்தில் ஒரு அம்மாள், மஞ்சள் புடவை.

"வேண்டுதலா மா?"

ஆமாம் என்றேன். திருவள்ளூர் போகிறேன் என்றால் அதற்கும் ஒரு கேள்வி வரும்.

"யாருக்கு?"

"வீட்டுல."

"ஊட்டுக்காரருக்கா? குடியா?"

முகத்தில் எழுதி ஒட்டியிருக்கிறதா என்ன. தலையை ஆட்டினேன். "ஆத்தா பாத்துக்குவா, வுடு" என்று ஒரு வாழைப்பழம் கொடுத்தாள். வாங்கிச் சாப்பிட்டேன். பசி இல்லை.

திருவள்ளூரில் அது ஒரு ஆலோசனை மையம். மாடி. பத்துப் பன்னிரண்டு ஆண்கள், ஒவ்வொருவர் பக்கத்திலும் ஒரு மனைவி அல்லது அம்மா. வாசலில் ரிஜிஸ்டர். இரண்டு பத்தி: நோயாளி பெயர், உடன் வந்தவர். மேஜையில் இருந்த பெண் பேனாவை உடன் வந்தவர் பத்தியில் வைத்துக் கொடுத்தாள்.

"பேஷண்ட் எங்க மா?"

"வரல."

"பேஷண்ட் இல்லாம வந்தா எப்டி மா? அவர கூட்டிகினு வாங்க."

சரி என்று இறங்கி வந்துவிட்டேன். கீழே டீக்கடையில் டீ, ஒரு மசால்வடை. கோபம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. போக வர ஐந்து மணி நேரம்.

ஆகஸ்ட் 8, வெள்ளி. கு.நா. 6

தாளில் இரண்டாவது: பெண்கள் மட்டும், போனில். மாலை ஏழு. ரூமில் கதவைச் சாத்திக்கொண்டு.

முழுக்க ஆங்கிலம். பதினான்கு பெயர், எல்லாம் கறுப்புக் கட்டம். ஒருத்தி மலை ஏறப் போய்க் குடியை விட்டாளாம். ஒருத்தி மண்பாண்டம் செய்கிறாளாம். நல்ல பெண்கள்தான். ஆனால் மீஞ்சூர் தாண்டி வெயில் எப்படி இருக்கும் என்று தெரியாதவர்கள் போலப் பேசினார்கள். என் முறை வந்தபோது மைக்கைத் திறக்கவில்லை. "நோ ப்ரெஷர், மல்லிகா" என்று ஒரு குரல். என் பெயரை அப்படி யாரும் உச்சரித்ததில்லை.

நடுவில் கதவு தட்டும் சத்தம். திறந்தால் வாசலில் ஸ்டூல் மேல் டீ. வீட்டுக்காரர் அதற்குள் கொல்லைப் பக்கம் போய்விட்டார். ஆபீஸ் மீட்டிங் என்று நினைத்திருப்பார்.

ஆகஸ்ட் 9, சனி. கு.நா. 7

அரை நாள் வேலை. சொர்ணவாரிப் போகம், எங்கள் நெல் அறுப்பு முடிந்தது. மெஷின் காலையிலேயே வந்து போய்விட்டதாம். சாயங்காலம் மூட்டை ஏற்றினார்கள்.

மூட்டை தூக்குகிறவர்களுக்குக் கூலியோடு ஆளுக்கொரு குவார்ட்டர் கொடுப்பது இங்கே வழக்கம். எழுதப்படாத சட்டம் மாதிரி. கொடுக்காவிட்டால் அடுத்த போகத்துக்கு ஆள் வராது. ஏழுமலை, என் வீட்டுக்காரர், வாழ்க்கையில் ஒரு சொட்டு தொட்டதில்லை. அவர் அப்பா குடித்தே போனவர். ஆனாலும் அறுப்புக்கு முந்தின நாள் டாஸ்மாக் போய் வரிசையில் நின்று வாங்கி வருவார். வைத்திருந்து எடுத்துக் கொடுப்பது என் வேலை. ஒரு போகத்தில் இரண்டு பாட்டில் மிச்சம். அந்த வாரம் லேப்பில் ஒரு பெரிய லாட் பெயின்ட் திரும்பி வந்து என்னைக் கூப்பிட்டு வைத்துத் திட்டினார்கள். அப்படி ஆரம்பித்தது. வேறு பெரிய கதை எதுவும் இல்லை. கூட்டத்தில் சொல்ல ஒரு கதை வேண்டும் என்கிறார்கள், என்னுடையது இவ்வளவுதான்.

இரண்டு வருடமாக அவர் பாட்டில் வாங்குவதில்லை. ஆட்களுக்கு மதியம் கறிச்சோறு போட்டுவிடுகிறார். முணுமுணுக்கிறார்கள், ஆனாலும் வருகிறார்கள். ஏன் நிறுத்தினார் என்று நான் கேட்டதில்லை. அவரும் சொன்னதில்லை. எனக்கு எல்லை தாண்டி ஆந்திரப் பக்கம் ஒரு கடை. ரயிலில் போய், துப்பட்டாவை முகத்தில் சுற்றிக்கொண்டு. வண்டி ஓட்டுகிற பெண்கள் எல்லாரும் அப்படித்தானே சுற்றுகிறார்கள்.

ஆகஸ்ட் 10, ஞாயிறு. கு.நா. 8

வெயில், புழுக்கம். மூன்றாவது இடம், பொன்னேரி. தெரிந்த முகம் பார்க்கலாம் என்பதால் கடைசிக்குத் தள்ளி வைத்தது.

கடைத்தெரு தாண்டி ஒரு டியூஷன் சென்டர், மாடி. ஞாயிறு நான்கு மணிக்குப் பிள்ளைகள் இல்லாத நேரம். இரண்டு அறை. படிக்கட்டு முடிகிற இடத்தில் ஏழெட்டு ஆண்கள் சிரித்துப் பேசிக்கொண்டு. ஒருவர் கண்ணாடி போட்டவர், ரிட்டையர்டு போஸ்ட்மேன் என்று பிறகு தெரிந்தது. என்னைப் பார்த்ததும் வழிவிட்டு ஒதுங்கினார்.

"வாங்க மா, வாங்க. ஃபேமிலி பக்கத்து ரூமு."

வாயைத் திறந்தேன். திறந்தது நிஜம். அவர் கை அதற்குள் அந்தப் பக்கம் காட்டிவிட்டது. பின்னால் படியேறி வந்த ஒருவர் நின்றுகொண்டிருந்தார். அவருக்கு வழிவிட வேண்டும் என்பதற்காக நகர்ந்தேன். நகர்ந்த பக்கம் அந்த அறை.

குடிக்கிறவர்களின் மனைவிகள் கூடும் அறை. ஆறு பெண்கள், ஆறாம் வகுப்பு பெஞ்சுகள், சுவரில் பூவின் பாகங்கள். இரண்டு அறைக்கும் நடுவே பலகைத் தடுப்பு. அந்தப் பக்கம் இருமினால் இந்தப் பக்கம் கேட்கிறது. நூர்ஜஹான் அக்கா என்று ஒருவர், ஐம்பது வயது இருக்கும், பழவேற்காட்டுக்காரர், பொன்னேரியில் துணிக்கடை. ஃபிளாஸ்க்கிலிருந்து டீ ஊற்றிக் கொடுத்தார்.

"பேரு சொல்லணும்னு இல்ல மா. மனசு வந்தா சொல்லு. எத்தினி வருசமா?"

"ஆறு."

"அடிப்பாரா?"

"இல்ல."

"வேலைக்கு?"

"ஒழுங்கா போகும். ஒரு நாள் லீவு கிடையாது."

"அது ஒண்ணு. யாருக்கும் தெரியாம குடிக்கிற ஜாதி. இதான் கஷ்டம்."

சொன்னது எதுவும் பொய் இல்லை. ஆள்தான் வேறு.

பிறகு அக்கா பேசினார். அவர் வீட்டுக்காரர் சலீம் பாய் விட்டு இரண்டு வருடமாம், பலகைக்கு அந்தப் பக்கம்தான் உட்கார்ந்திருக்கிறார். "எங்க ஜமாத்துல குடின்னு வாயால சொல்ல முடியாது. சுகர்னு சொல்லிகினு இருந்தேன். ரெண்டு வருசம் ஆச்சு, இன்னும் வண்டி சத்தம் கேட்டா எழுந்து வாசலுக்கு ஓடுறேன். அவரு குளிக்கப் போனா தலகாணிய எடுத்து மோந்து பாக்குறேன். நானே அசிங்கமா நினைக்கிறேன், ஆனா கை போவுது."

ஐந்தேகாலுக்கு முடிந்தது. ஜெபம் இல்லை. ஒரு நிமிடம் எல்லாரும் கண்ணை மூடினார்கள், அவ்வளவுதான்.

ஆகஸ்ட் 13, புதன். கு.நா. 11

ஒன்றும் இல்லை. மாத்திரை முடிந்தது. கை நடுக்கம் குறைவு. பியூரெட் பிடிக்க முடிகிறது. வாங்க: உளுந்து, குளியல் சோப்பு, அவருக்கு பனியன் 2.

குளித்துவிட்டு வந்தேன். என் தலையணை தலைமாட்டில் இல்லை. கட்டில் நடுவில், உறை கொஞ்சம் கசங்கி. அவர் ஜன்னல் பக்கம் நின்று வெளியே பார்த்துக்கொண்டிருந்தார்.

அரிசி டிரம்மைத் திறந்தேன். மேலே கையை விட்டு அளைந்த தடம். அங்கே நான் பாட்டில் ஒளித்தது ஒரே ஒரு தடவை, மூன்று வருடத்துக்கு முன்னால்.

அவருக்குத் தெரியாது என்று நினைத்துக்கொண்டிருந்தேன். எனக்கு அவ்வளவு சாமர்த்தியம் என்று நினைப்பு.

ஆகஸ்ட் 17, ஞாயிறு. கு.நா. 15

காலையில் தூறல். பொன்னேரி, அதே அறை. படியேறும்போது மனதுக்குள் சொல்லிப் பார்த்தேன்: குடிக்கிறது நான்தாங்க. கண்ணாடிக்காரர் "வாங்க மா" என்று அன்றைக்கு மாதிரியே கை காட்டினார். கால் அதுவாக அங்கே போய்விட்டது.

மீஞ்சூர்க்கார அம்மா ஒருத்தி சொன்னது: "கோயில்ல ஆறு மாசத்துக்குக் கயிறு கட்டி வுட்டேன். கயிறு கையில இருக்கறப்ப குடிச்சா ரத்தம் கக்குவாங்கன்னு பூசாரி சொன்னாரு. இந்த மனுசன் இன்னா பண்ணான் தெரியுமா? கயித்த அவுத்து ஆணில மாட்டிட்டு போய் குடிச்சிட்டு வந்து, திரும்ப எடுத்து கட்டிகினான். தெய்வத்துக்கு மரியாதையாம்!"

எல்லாரும் சிரித்தோம். பெஞ்சு ஆடும் அளவுக்கு. நானும். சிரித்து எத்தனை நாள் ஆயிற்று என்று கணக்கே இல்லை.

வரும்போது ஷேர் ஆட்டோவில் யோசனை. நான் விளக்கு வைப்பதற்கு முன்னால் ஒரு நாளும் குடித்ததில்லை. விளக்கு வைத்து, சாமி கும்பிட்டு, நெற்றியில் குங்குமம் வைத்து, அதற்குப் பிறகுதான். அதை ஒழுக்கம் என்று ஆறு வருடம் நினைத்திருந்தேன். மீஞ்சூர்க்காரனைவிட நான் எதில் உயர்த்தி?

இந்த அறை எனக்கானது இல்லை. ஆனால் இங்கே கேட்பதை வேறெங்கும் கேட்க முடியாது. இவர்கள் பேசினால் வீட்டில் அந்த மனுஷன் வாய் திறக்காமல் இருப்பதற்கு அர்த்தம் தெரிகிறது. வெட்கமாக இருக்கிறது. இது உணர்ச்சிதான் என்று நினைக்கிறேன், எழுதி வைக்கிறேன்.

ஆகஸ்ட் 20, புதன். கு.நா. 18

ஓவன் சரியாயிற்று. கேன்டீனில் சாம்பாரில் உப்பு இல்லை. ஷேர் ஆட்டோவில் இரண்டு பேர் பேசியது: "இன்னா மச்சான், ஒரே பேஜாரு." "எதுக்கு?" "சும்மாதான்."

அதேதான் எனக்கும்.

ஆகஸ்ட் 24, ஞாயிறு. கு.நா. 22

மூன்றாவது வாரம். இன்று கண்டிப்பாகச் சொல்வது என்று போனேன். யாருக்கும் கை காட்டச் சந்தர்ப்பம் தராமல் நேரே ஆண்கள் அறை வாசலுக்கு. உள்ளே பதினைந்து முதுகுகள். ஒருவர் பேசிக்கொண்டிருந்தார், பெண்டாட்டியை எட்டி உதைத்ததைப் பற்றி. நின்றேன். திரும்பிப் பக்கத்து அறைக்கே வந்துவிட்டேன்.

கூட்டம் முடிந்து செருப்பு போடும்போது நூர்ஜஹான் அக்கா கையைப் பிடித்துக்கொண்டார்.

"உங்க ஊட்டுக்காரரு வரவே மாட்டேங்குறாரா?"

செருப்புக்குள் காலை நுழைத்தேன்.

"இங்க ஒரு வழக்கம் இருக்கு மா. வராதவங்கள ரெண்டு பேரா போய் பாப்பாங்க. புத்தி சொல்ல மாட்டாங்க. அவங்க கதைய சொல்லிட்டு வந்துருவாங்க. எங்க ஊட்டுக்காரர அப்டித்தான் இட்டுகினு வந்தாங்க. அனுப்பட்டா? பேரு இன்னா? எந்த ஊரு?"

பெயரைச் சொன்னேன். ஊரைச் சொன்னேன். ஏன் சொன்னேன் என்று இப்போது எழுதிப் பார்த்தாலும் தெரியவில்லை. கேட்டதற்குப் பதில் சொல்லும் மெஷின் மாதிரி இருந்தேன். அவர் கை சூடாக இருந்தது. அதை விடச் சொல்ல மனம் வரவில்லை.

ஆகஸ்ட் 26, செவ்வாய். கு.நா. 24

போன் செய்து வேண்டாம் என்று சொல்ல வேண்டும். கண்ணாடிக்காரர் நம்பர் டாக்டர் தாளில் இருக்கிறது. காலை 9: லேப்பில் ஆட்கள். மதியம் 1: கேன்டீன் சத்தம். மாலை 5: ரயில். போன் எடுத்தால் என்ன சொல்வது? வீட்டுக்காரர் குடிக்க மாட்டார் என்றா? அடுத்த கேள்வி என்ன வரும் என்று தெரியும்.

நாளைக்கு.

ஆகஸ்ட் 27, புதன். கு.நா. 25

பிள்ளையார் சதுர்த்தி, லீவு. கொழுக்கட்டை நாற்பது. பாதி வெடித்துவிட்டது. அவர் வெடித்ததாகப் பார்த்து எடுத்துச் சாப்பிட்டார். போன் செய்யவில்லை.

ஆகஸ்ட் 28, வியாழன். கு.நா. 26

வந்துவிட்டார்கள்.

நான் வேலையில் இருக்கும்போது. சாயங்காலம் வீட்டுக்கு வந்தால் அவர் குழாயடியில் கால் கழுவிக்கொண்டிருந்தார். நிமிராமலே சொன்னார்.

"ரெண்டு பேரு வந்தாங்க. கயனிக்கு."

"யாரு?"

"கண்ணாடி போட்டவரு ஒருத்தரு. இன்னொருத்தரு பாய். பொன்னேரில ஏதோ கூட்டமாம். நானும் குடிச்சவன்தான், வெக்கப்படாதீங்கன்னாரு பாய். ரொம்ப நல்ல மாதிரி. வரப்பு மேல உக்காந்து ஒரு மணி நேரம் அவரு கதைய சொன்னாரு. மோர் குடுத்தேன்."

பையைக் கீழே வைக்கவில்லை நான்.

"எத்தினி வருசமான்னு கேட்டாரு. ஆறுன்னேன்."

ஆறு. நான் அவரிடம் சொன்னதே இல்லை.

"நான் குடிக்கிறதில்லன்னு சொல்லியிருக்கலாமே."

"சொன்னா, அப்ப யாருன்னு கேப்பாங்க இல்ல. பொண்ணு ஹாஸ்டல்ல. ஊட்ல இருக்கறதே ரெண்டு பேரு."

காலைத் துடைத்தார். ஒவ்வொரு விரலாக. கோபம் இல்லை. கோபமாக இருந்திருந்தால் நான் பதிலுக்கு ஏதாவது கத்தியிருப்பேன்.

"ஞாயித்துக்கிழமை வரேன்னு வாக்கு குடுத்துட்டேன். கூட்டிகினு போறதுக்கு வண்டி அனுப்பறேன்னாரு. வேணாம், நானே வரேன்னேன்."

"போய் இன்னா சொல்வீங்க?"

"அவங்க பேசுறத கேப்பேன். கேட்டா எதுனா சொல்லணும்ல." கொஞ்சம் யோசித்தார். "நீ சொல்லு. குடிச்சா எப்டி இருக்கும்? தெரிஞ்சாதான சொல்ல முடியும்."

கேலி இல்லை. உரக்கடையில் பூச்சிமருந்து அளவு கேட்கிற முகம். ஆறு வருடத்தில் இதைப் பற்றி அவர் கேட்ட முதல் கேள்வி.

"ஒண்ணும் இருக்காது" என்றேன். "அதுக்காகத்தான்."

"ஒண்ணும் இருக்காதுன்னா?"

"மனசுல ஒண்ணும் இருக்காது. நல்லதும் இருக்காது. கெட்டதும் இருக்காது."

தலையை ஆட்டினார். உதடு அசைந்தது. மனப்பாடம் செய்கிறார்.

அப்பாவைப் போல ஆகக் கூடாது என்று டீயைக்கூட ஒரு நாளைக்கு இரண்டு என்று அளந்து குடிக்கிற மனுஷன். ஞாயிறு நான்கு மணிக்குப் பதினைந்து பேர் முன்னால் குடிகாரன் என்று உட்காரப் போகிறார். அதில் பாதிப் பேர் பொன்னேரி சந்தைக்கு வருகிறவர்கள். டாஸ்மாக் வரிசையில் அவர் நின்றதைப் பார்த்தவர்களும் இருப்பார்கள். அதோடு முடிந்தது, யார் இல்லை என்று சொன்னாலும் நம்ப மாட்டார்கள்.

மூன்று நாள் இருக்கிறது.

ஆகஸ்ட் 29, வெள்ளி. கு.நா. 0

சாயங்காலம் பொன்னேரி ரயில் ஏறவில்லை. எதிர்ப்பக்கம், ஆந்திரா போகிற ரயிலில் ஏறினேன்.

அவ்வளவுதான் எழுத முடிகிறது.

ஆகஸ்ட் 30, சனி. கு.நா. 1

தலைவலி. வேலைக்குப் போனேன். சாம்பிள் ஆறு. ஒரு ரீடிங்கை மூன்று தடவை எடுத்தேன்.

காலையில் எழுந்தபோது கட்டில் பக்கத்தில் சொம்பில் தண்ணீர், மூடி போட்டு. என்னைக் கேட்கவில்லை. ராத்திரி தலையணையை மோந்து பார்க்க வேண்டிய அவசியமும் இருந்திருக்காது.

சாயங்காலம் அவரே வெள்ளைச் சட்டையை இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தார். கல்யாணத்துக்குப் போடுகிற சட்டை.

"அதுக்கு எதுக்கு இந்தச் சட்டை" என்றேன்.

"முதல் தடவை போறோம்ல."

வேண்டாம், போகாதீர்கள் என்று சொல்லலாம். சொன்னால் போக மாட்டார் என்றும் இல்லை. வாக்கு கொடுத்தால் கொடுத்ததுதான். போகாமல் நின்றாலும் அவர்கள் திரும்ப வருவார்கள், வரப்பில் உட்கார்வார்கள். இருப்பது இரண்டு வாசல்தான். எந்த வாசலில் யார் என்பதை நான் சொல்ல வேண்டும். சொல்லப்போவது நான் என்று எனக்கே நம்பிக்கை இல்லை. பயமாக இருக்கிறது. இது மட்டும் தெளிவாகத் தெரிகிறது.

ஆகஸ்ட் 31, ஞாயிறு. கு.நா. 2

மதியம் வரை மழை. மூன்றரைக்கு விட்டது. பைக்கில் போனோம். சாலைப் பள்ளத்தில் தண்ணீர். அவர் சட்டையில் தெறிக்கக் கூடாது என்று மெதுவாக ஓட்டினார்.

படிக்கட்டில் சலீம் பாய் காத்திருந்தார். "வந்துட்டாரு பாரு! சொன்ன சொல்லு தவறாத மனுசன்!" அவரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். கண்ணாடிக்காரர் முதுகில் தட்டினார். யாரோ இடம் ஒதுக்கினார்கள். வீட்டுக்காரர் என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. செருப்பை ஓரமாக, ஜோடியாக விட்டுவிட்டு உள்ளே போனார். போகிற கூட்டத்தோடு கூட்டமாக.

நான் பக்கத்து அறைக்கு. எப்போதும் உட்கார்கிற பெஞ்சு. நூர்ஜஹான் அக்காவுக்கு முகமெல்லாம் சிரிப்பு. "வந்துட்டாருல்ல? இனிமே எல்லாம் சரியாப்பூடும் பாரு" என்று டீ கொடுத்தார். குடிக்கவில்லை. கையில் வைத்திருந்தேன்.

பலகைக்கு அந்தப் பக்கம் கண்ணாடிக்காரர் குரல். இன்று புதுசாக ஒரு நண்பர் வந்திருக்கிறார், பேசணும் என்று கட்டாயம் இல்லை, மனது வந்தால் பேசலாம். பிறகு வீட்டுக்காரர் குரல்.

"என் பேரு ஏழுமலை. பேசிப் பழக்கமில்ல. விவசாயம். ஆறு வருசமா..."

நின்றது.

"ஆறு வருசமா ஊட்ல குடி. குடிச்சா ஒண்ணும் இருக்காது. அதுக்காகத்தான். மனசுல நல்லதும் இருக்காது, கெட்டதும் இருக்காது."

நான் சொன்ன வார்த்தை. ஒன்றுகூட மாறவில்லை. பிறகு அவராகவே ஒன்று சேர்த்தார். நான் சொல்லிக் கொடுக்காதது.

"பக்கத்துல ஒரு ஆளு இருக்கறதுகூட தெரியாது."

எழுந்தேன். டீயை எங்கே வைத்தேன் என்று தெரியவில்லை. நூர்ஜஹான் அக்கா, "பாத்ரூமா மா? கீழ" என்றார். வெளியே வந்து அந்த வாசலில் நின்றேன். பதினைந்து முகமும் திரும்பியது. அவர் நின்றுகொண்டிருந்தார், இரண்டு கையையும் பெஞ்சில் ஊன்றிக்கொண்டு.

கண்ணாடிக்காரர் பதறி எழுந்தார். "அம்மா, ஃபேமிலி பக்கத்து ரூமு..."

"தெரியும் சார். மூணு வாரமா அங்கதான் இருந்தேன்."

குரல் வந்துவிட்டது. ஒரு தடவை வந்துவிட்டால் பெரிய விஷயமில்லை.

"என் பேரு மல்லிகா. அவரு குடிக்கிறது இல்ல. ஒரு நாளும் குடிச்சது இல்ல. குடிக்கிறது நான். முந்தாநாள்கூட குடிச்சேன்."

யாரும் கை தட்டவில்லை. யாரோ ஃபேனைக் குறைத்தார்கள். சலீம் பாய் அவரையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். அவர் ஊன்றியிருந்த கையை எடுத்தார். அழுவார் என்று நினைத்தேன். இல்லை. பெஞ்சு நடுவிலிருந்து ஓரத்துக்கு நகர்ந்து, துண்டால் அந்த இடத்தை ஒரு தடவை துடைத்தார்.

"உக்காரு" என்றார்.

உட்கார்ந்தேன். இரண்டு பக்கமும் ஆண்கள். ஒருவர் கொஞ்சம் தள்ளி உட்கார்ந்து இடம் விட்டார். வியர்வை வாடை, வாசலில் காயாத செருப்பு வாடை. வீட்டுக்காரர் கண்ணாடிக்காரரைப் பார்த்துக் கும்பிட்டார். "மன்னிச்சிக்குங்க சார், பொய் சொல்லிட்டேன்" என்றார். வெளியே போனார்.

கண்ணாடிக்காரர் என்னிடம் எதுவும் கேட்கவில்லை. பலகைக்கு அந்தப் பக்கம் கதவு சத்தம். நூர்ஜஹான் அக்கா குரல்.

"அண்ணே, நீங்க அந்த ரூமு. ஆம்பளைங்க அந்தப் பக்கம்."

"இல்லம்மா. நான் இங்கதான் உக்காரணும்."

பெஞ்சை இழுத்துப் போடுகிற சத்தம். பிறகு அக்கா குரல், மெதுவாக: "எத்தினி வருசமா?"